விற்றவனுக்கும் பங்குண்டு

கிட்டிப்புள் ஆடிய தலைமுறை நாம். ஆனால் நம் முன்னோர் அஞ்சிய கிட்டி வேறு. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் பிணைத்து, நடுவே கைவிரல்களை வைத்து நெரிப்பார்கள். வரி பாக்கியை வசூலிக்க கம்பெனி ஆட்சியின் சிப்பந்திகள் இப்படியெல்லாம் கொடுமை செய்ததை, சென்னை ராஜதானியின் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-ல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. அந்தக் கிட்டி கப்பலேறி வந்த சரக்கல்ல, உள்ளூரிலேயே செய்துகொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. மின்அதிர்ச்சித் தடி, கால்விலங்கு, கட்டைவிரல் விலங்கு என்று வதைக்கருவிகள் தொழிற்சாலைச் சரக்காயின. விலைப்பட்டியல் போட்டு விற்றார்கள். ஒரு காலத்தில் அடிமைகளுக்கு விலங்கு செய்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1980-களிலும் அங்கிருந்து கால்விலங்குகள் வெளிநாடுகளுக்குப் போவது தெரியவந்தபோது பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது.

1984-ல் ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை நிறைவேற்றியது. வதைப்பவனைக் குற்றவாளி என்றது. அவனுக்குக் கருவி விற்றவனைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. "நாங்கள் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்" என்பது வியாபாரிகளின் வாதம். வாங்குபவன் இல்லாவிட்டால் விற்பவனும் இருக்கமாட்டான் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் சொன்னார். அம்னஸ்டி போன்ற அமைப்புகள் மறுமுனையிலிருந்து தொடங்கின: விற்பவனைத் தடுத்தால் வாங்குபவன் கையும் கட்டப்படும்.

அவர்கள் வெறும் கோஷம் போடவில்லை. ஆயுதச் சந்தைகளில் விளம்பரத் தாள்களைச் சேகரித்தார்கள். வதைபட்டவர்களின் வாக்குமூலங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். 1995-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் வாங்குபவர் போல நடித்து, மின்அதிர்ச்சித் தடிகளை விற்க நிறுவனங்கள் முன்வருவதை அம்பலப்படுத்தினார். 1997-ல் பிரிட்டன் அரசு அத்தகைய கருவிகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது.

ஒரு நாடு மட்டும் கதவடைத்தால் சரக்கு பக்கத்து வாசல் வழியாகப் போகும். ஆகவே 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் சட்டம் கொண்டுவந்தது. அது 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு பட்டியல்கள். தூக்குமரம், மின்சார நாற்காலி, உடலில் கட்டும் மின்அதிர்ச்சிப் பட்டை போன்றவை அடியோடு தடை. அருங்காட்சியகத்தில் வைக்க மட்டும் விலக்கு உண்டு. நல்லதற்கும் கெட்டதற்கும் பயன்படக்கூடியவற்றுக்கு உரிமம் வேண்டும். யார் வாங்குகிறார், எதற்கு என்று பார்த்த பிறகே அனுமதி. 2011-ல் மரண தண்டனைக்குப் பயன்படும் மயக்க மருந்தும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஐரோப்பாவில் கிடைக்காமல் திண்டாடிய அமெரிக்க மாநிலங்கள் வேறு இடங்களில் தேடின. இந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பே நெப்ராஸ்கா மாநிலம் மும்பை நிறுவனம் ஒன்றிடம் வாங்கியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த நிறுவனம் இனி விற்பதில்லை என்று அறிவித்தது. 2014-ல் சிலவகைக் கால்விலங்குகளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2016-ல் அத்தகைய சரக்குகளை விளம்பரம் செய்வதற்கும் தடை வந்தது.

ஐரோப்பா மட்டும் போதுமா? 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம், அர்ஜென்டினா, மங்கோலியா ஆகியவை முன்னின்று, வதைக்கருவி வணிகத்தை ஒழிக்க நாடுகளின் கூட்டணி ஒன்றைத் தொடங்கின. 2019 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை, பொதுவான உலக விதிகளை ஆராய வேண்டும் என்று தீர்மானித்தது. ஆதரவு 81, எதிர்ப்பு 20, நடுநிலை 44. ஆய்வுகள் நடந்தன, அறிக்கைகள் வந்தன. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இன்னும் கைகூடவில்லை.

நம் நாட்டுக் கணக்கும் நிலுவையில்தான். 1984 உடன்படிக்கையில் இந்தியா 1997-லேயே கையெழுத்திட்டது. ஆனால் அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. கிட்டியைப் பற்றி 1855-லேயே அறிக்கை கண்ட நாடு இது. இந்த விஷயத்தில் நாம் முன்வரிசையில் நிற்க வேண்டாமா?