பட்டாளம் திரும்பிய பின்பு

படை எதற்காக இருக்கிறது என்று பாடசாலை மாணவன் ஒருவனைக் கேட்டால், அந்நியர் தாக்குதலிலிருந்து நாட்டைக் காப்பதற்கு என்று தயங்காது விடையளிப்பான். பாடப்புத்தகம் அவனுக்கு அவ்வாறே கற்பித்திருக்கிறது. ஆனால் 1848ஆம் ஆண்டு முதலாக நமது தீவின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், வேறொரு காட்சியே தென்படும். 1942 ஏப்ரிலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய சில தினங்களை விட்டால், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் இங்கே எதிர்கொண்டவர்கள் பெரும்பாலும் இத்தீவின் மக்களே.

பொலிஸ்காரன் ஒருவரைக் கைது செய்தால் அவரை நீதவான் முன் நிறுத்த வேண்டும்; சுட்டுக் கொன்றால் மரண விசாரணையில் விடை சொல்ல வேண்டும். ஏட்டளவிலேனும் சட்டம் அவனைக் கட்டியிருக்கிறது. அவன் நின்ற இடத்தில் சிப்பாய் வந்து நிற்கும்போது இக்கட்டு என்னவாகிறது? பட்டாளம் தெருவுக்கு வந்த நாட்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். அது முகாமுக்குத் திரும்பிய பின்பு சட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

ஆங்கிலேயர் தமது நாட்டுக்கென வகுத்துக்கொண்ட கோட்பாடு ஒன்றை முதலில் மனத்திற் கொள்வோம். 1893ஆம் ஆண்டில் யோர்க்‌ஷயரின் பெதர்ஸ்ரன் என்னும் ஊரில், கதவடைப்புக்கு எதிராகக் கூடிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மீது பட்டாளம் சுட்டது, இருவர் மாண்டனர். அதனை விசாரித்த போவன் பிரபுவின் குழு, சிப்பாய் என்பவன் ஆயுதம் தரித்த ஒரு பிரசையே என்றும், தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பிரயோகித்தால் ஏனையோரைப் போலவே அவனும் நீதிமன்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்றும் எடுத்துரைத்தது. அங்கு சுட்டவர் எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் கோட்பாடேனும் கூறப்பட்டது. கடல் கடந்து இலங்கைக்கு வந்தபோது அக்கோட்பாடும் அற்றுப் போயிற்று.

1848இல் தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு, கடைகளுக்கு வரி, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி என்று அடுக்கடுக்காக வரிகளை விதித்தார். தெருவேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பும் கேட்டார். கண்டிப் பிரதேச விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். யூலை 28ஆம் திகதி மாத்தளை தாக்கப்பட்டது. மறுநாளே இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. அரச தரப்பில் ஒரு சிப்பாய் காயமுற்றதே பெரிய சேதம். ஆனால் இராணுவச் சட்டமோ ஒக்டோபர் 10ஆம் திகதி வரை நீடித்தது. அக்காலத்தில் இராணுவ நீதிமன்றங்கள் விதித்த தண்டனைப்படி பதினெட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு மாண்டான். அதே மாதம் 26ஆம் திகதி கடஹபொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசியோரின் வேண்டுகோளைத் தேசாதிபதி செவிமடுக்கவில்லை. அப்போதும் நாட்டில் உயர் நீதிமன்றம் இருந்தது, அது இயங்கிக்கொண்டுமிருந்தது.

அடுத்து நடந்ததே நமது கவனத்துக்குரியது. உத்தியோகத்தரைப் பெரும்பான்மையாகக் கொண்ட சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. இராணுவச் சட்ட காலத்தில் கலகத்தை அடக்குவதற்காகச் செய்தவற்றுக்காகத் தேசாதிபதியோ அவருடைய உத்தியோகத்தரோ நீதிமன்றில் நிறுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம். இவ்வகைச் சட்டத்தைப் பொறுப்புவிலக்குச் சட்டம் என்று நாம் குறிப்பிடுவோம். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழு இரண்டாண்டுகள் சாட்சியங் கேட்டது. ரொறிங்ரன் 1850இல் பதவியிழந்து திரும்பினார். ஆனால் அந்தப் பதினெட்டு உயிர்களுக்காக எந்த நீதிமன்றிலும் எவரும் விடை சொல்லவில்லை.

அறுபத்தேழு ஆண்டுகளின் பின்னர் அதே நாடகம் பெரிய அளவில் அரங்கேறிற்று. 1915 மே மாத இறுதியில், வெசாக் தினத்தன்று கண்டியில் தொடங்கிய கலவரம், யுத்தகால விலையேற்றத்தாற் புழுங்கிக் கிடந்த ஊர்கள் பலவற்றுக்குப் பரவியது. சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்; 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன; நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. இது வெட்கத்துக்குரிய கொடுமை. வறியவனின் கோபம் விலையை நிர்ணயிக்கும் ஏகாதிபத்தியத்தின் மீது திரும்பாமல், தெருமுனைக் கடைக்காரன் மீது திருப்பப்பட்டது.

தேசாதிபதி சேர் றொபேர்ட் சாமர்ஸ் யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, அதிகாரத்தைப் பிரிகேடியர் மல்கமிடம் ஒப்படைத்தார். யூன் மாதத்தின் முதல் வாரத்தோடு கலவரம் அநேகமாக ஓய்ந்துவிட்டது. இராணுவச் சட்டம் நீங்கியதோ ஓகஸ்ட் 30ஆம் திகதி. அந்தத் தொண்ணூறு நாட்களில் பஞ்சாபியச் சிப்பாய்களும், ஆயுதம் வழங்கப்பட்ட ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் கிராமங்களுக்குட் புகுந்தனர். பொலிசாராலும் படையாலும் சுட்டுக் கொல்லப்பட்டோர் தொகை அரசாங்கக் கணக்கின்படியே அறுபதைத் தாண்டியது. கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞன், ஊர் அமைதியடைந்து ஒரு மாதம் சென்ற பின், யூலை 7ஆம் திகதி இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டான். எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலிய மதுவொழிப்பு இயக்கத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். குற்றம் செய்தவன் யார், செய்யாதவன் யார் என்று பாராமல், சேதத்துக்கான பணம் பிரதேசவாரியாகச் சிங்கள மக்களிடம் அறவிடப்பட்டது.

பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து, நீதிமன்றங்கள் திறந்திருக்கையில், அமைதி திரும்பிய நாட்டில், குடிமக்களை இராணுவ நீதிமன்றில் விசாரிக்க என்ன நியாயம் என்று கேட்டார். பின்னர் லண்டன் சென்று வாதாடினார். 1916இல் இதுபற்றி ஒரு நூலையும் வெளியிட்டார். அவர் பின்னாளில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்த பழமைவாதி என்பதை நாம் மறக்கவில்லை. தாக்கப்பட்ட முஸ்லிம்களின் துயர் அவருடைய பேச்சிற் போதிய இடம் பெறவில்லை என்ற குறையும் நியாயமானதே. ஆயினும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அதற்குக் கிடைத்த விடை என்ன? 1848இல் பொறுப்புவிலக்கு உள்ளூர்ச் சட்டசபையில் உருவாயிற்று. 1915இலோ அது மன்னரின் கட்டளையாக லண்டனிலிருந்தே வந்தது. அதுவும் ஓகஸ்ட் மாதத்தில், இராணுவச் சட்டம் நடைமுறையிலிருக்கும்போதே வந்தது. சாமர்ஸ் போன பின் 1916இல் தேசாதிபதியாய் வந்த சேர் ஜோன் அண்டர்சன், கேகாலைப் பகுதியில் நிராயுதபாணிகளாயிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டமை குறித்து விசாரணை நடத்துவித்து, அச்செயல்களைக் கண்டித்தார். ஆனால் கண்டனத்துக்கு அப்பாற் செல்ல வழியில்லை. பொறுப்புவிலக்கு குறுக்கே நின்றது.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் நம்மை இடைமறித்து, கும்பல் வீட்டுக்குத் தீ வைக்கும்போது படையைத் தவிர யாரை அழைப்பது என்று கேட்கலாம். இக்கேள்வியை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. 1915இல் கடை எரிந்த முஸ்லிமுக்குச் சிப்பாயின் வருகை ஆறுதலாகவே இருந்திருக்கும். 1958 மே மாதத்தில் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, அரசாங்கம் தயங்கிய நாட்களில் உயிர்கள் மாண்டன. மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாகிப் படை உறுதியுடன் நடவடிக்கை எடுத்த பின்னரே பல இடங்களிற் கொலைகள் நின்றன. படையினராற் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. உயிர் காக்க வந்த சிப்பாயை நாம் பழிக்கவில்லை. உயிர் காக்கச் சுட்டவன், தான் ஏன் சுட்டேன் என்பதை நீதிமன்றில் நின்று சொல்ல ஏன் அஞ்ச வேண்டும் என்றே கேட்கிறோம். பொறுப்புவிலக்கு அவனுக்குத் தேவையற்றது. அது தேவைப்படுவது கேகாலையிற் சுட்டவர்களுக்கே.

சுதந்திரம் வந்தால் இந்நிலை மாறும் என்று மக்கள் எதிர்பார்த்தனர். மாற்றம் வந்தது; ஆனால் அது வேறு வகையான மாற்றம். 1947 மே, யூன் மாதங்களில் கொழும்புத் தொழிலாளரும் அரசாங்க எழுதுவினைஞரும் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினர். யூன் 5ஆம் திகதி எழுதுவினைஞர் சங்கத்தைச் சேர்ந்த கந்தசாமி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே யூன் மாதத்திற் பிறந்ததுதான் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அவசரகால விதிகளின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயலுக்காக எவர் மீதும் வழக்குத் தொடரலாகாது என்ற வாசகம் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டது. காரியம் முடிந்த பின் பொறுப்புவிலக்கு வழங்கியது 1848. காரியம் நடக்கும்போதே வழங்கியது 1915. காரியம் நடப்பதற்கு முன்னரே வழங்கிவைத்தது 1947. அந்நாளில் மந்திரிமாருக்குத் தலைமை தாங்கியவர் டி. எஸ். சேனநாயக்க, 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறையிருந்த அதே சேனநாயக்க. அடக்குமுறைக்கு ஆளான ஒருவர், ஆட்சியாளர் வர்க்கத்தின் இருக்கையில் அமர்ந்ததும் அந்த ஆயுதத்தைக் கூர்மையாக்கிக்கொண்டார். தனிமனிதரின் குணக்கேடு என்று மட்டும் இதனைக் கொள்வது தவறு. சுரண்டலைக் காக்க வேண்டிய அரசுக்கு அவ்வாயுதம் எப்போதும் தேவைப்படுகிறது.

அது விரைவிலேயே கையாளப்பட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து படையை இறக்கியது. மந்திரிசபையோ துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. 1961 ஏப்ரிலில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அமைதியாக அமர்ந்திருந்த சத்தியாக்கிரகிகளைப் படை அகற்றியது. தலைவர்கள் பனாகொடையில் தடுத்து வைக்கப்பட்டனர். 1971இல் கிளர்ந்தெழுந்த தென்னிலங்கை இளைஞரை அடக்கியபோது, மரண விசாரணையின்றியே சடலங்களை அப்புறப்படுத்த விதிகள் இடமளித்தன. பின்னர் பழைய முறையும் மீண்டது: 1982இல் நிறைவேறிய பொறுப்புவிலக்குச் சட்டம் 1977 ஓகஸ்ட் மாதத்துச் செயல்களுக்குக் காப்பளித்தது, 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காப்பை அவ்வாண்டு டிசெம்பர் வரை நீட்டியது. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி, குடிக்கும் நீர் கெட்டுவிட்டதென்று முறையிட்டுத் தெருவில் இறங்கிய வெலிவேரிய மக்கள் மீது படை ஏவப்பட்டது. மூவர் இறந்தனர். அவர்கள் கேட்டது தண்ணீர்.

இந்த வரிசையை நோக்குங்கள். சிங்கள விவசாயி, தமிழ்ச் சத்தியாக்கிரகி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி, வேலையற்ற கிராமத்து இளைஞன், தண்ணீர் கேட்ட குடியானவன்: துப்பாக்கி இனம் பார்த்து ஓய்வதில்லை. தெற்கில் அது சுடும்போது வடக்கு வாளாவிருந்தது; வடக்கில் சுட்டபோது தெற்கு கைதட்டியது. இப்பிரிவினையே பொறுப்புவிலக்கின் உண்மையான அரண்.

நீதி இயலாத காரியமன்று என்பதற்கும் நமது சரித்திரத்திலேயே சான்றுண்டு. 1971இல் கதிர்காமத்தில் இளம்பெண் ஒருத்தியைக் கொடுமைப்படுத்திக் கொன்ற குற்றத்துக்காகப் படையினர் இருவர் தண்டிக்கப்பட்டனர். 1996இல் செம்மணியில் பாடசாலை மாணவி ஒருத்தியும், அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் படையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒருத்தி சிங்களப் பெண். மற்றவள் தமிழ்ப் பெண். இரு வழக்குகளிலும் சாட்சியைக் கேட்டு, சீருடையைப் பாராது, சாதாரண நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதனால் நாடு குலைந்துவிடவில்லை.

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் வற்புறுத்த வேண்டிய கோரிக்கை எளியது. படை அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், எதற்காக, எத்தனை நாளுக்கு என்பது மக்கள் சபையில் வெளிப்படையாகத் தீர்மானிக்கப்பட வேண்டும். பிடிபட்டவர் நீதவான் முன் கொண்டுவரப்பட வேண்டும். மாண்ட ஒவ்வொருவருக்கும் மரண விசாரணை நடக்க வேண்டும். முன்கூட்டியும் பின்கூட்டியும் பொறுப்புவிலக்கு வழங்கும் வாசகங்கள் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்க வேண்டும். இது சிங்களவருக்கோ தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ மாத்திரம் உரிய கோரிக்கையன்று. 1915இல் கடையெரிந்த முஸ்லிம் வணிகனுக்கும், அதே ஆண்டில் கேகாலையில் சுடப்பட்ட சிங்களக் கிராமவாசிக்கும் ஒரே வேளையில் நியாயம் கேட்கக் கற்றுக்கொள்வோமாயின், பட்டாளம் திரும்பிய பின்பும் சட்டம் தெருவிலே நிற்கும்.