ஆற்றிடம் கையேந்திய குளம்

குளம் இருக்கிறது, நீர் இருக்கிறது, ஆனால் மீன்குஞ்சு இல்லை! வங்கத்திலும் ஒடிசாவிலும், தலைமுறை தலைமுறையாகக் குளத்திலே மீன் வளர்த்த எளியவனின் நிலை இதுதான்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் ஒரே குளத்தில் பகையின்றி வாழ்வன. கட்லா மேல்நீரில் இரை தேடும், ரோகு நடுநீரில், மிர்கால் அடித்தரையில். ஆயினும், எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும், தேங்கிய நீரிலே அவை முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருக்கெடுத்து ஓடும்போதுதான் இனம் பெருக்கும். எனவே, வெள்ளம் வரும் நாள் பார்த்து, ஆற்றோரத்தில் வலை கட்டி, நுண்குஞ்சுகளை வாரி, மண்பானைகளில் நிரப்பி, புகைவண்டி ஏற்றி விற்றனர். வழியிலே மடிந்தவை பல. பிழைத்தவற்றிலும் எது கெண்டை, எது கெண்டையைத் தின்னும் மீன் என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. வளர்ந்த பிறகே தெரியும்; அதற்குள் குளமும் காலி, கைப்பொருளும் காலி!

‘இது இயற்கையின் நியதி; மனிதன் என்ன செய்ய முடியும்?’ என்று கைகட்டி நின்றிருக்கலாம். அறிவு அப்படி நிற்பதில்லை, ‘ஏன்?’ என்று கேட்கும். வெள்ளம் மீனின் உடலிலே எதனைத் தட்டி எழுப்புகிறது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியை! அச்சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி மீனை முட்டையிடச் செய்யலாம் என்பதை, 1930களிலேயே பிரேசில் நாட்டில் காட்டினர்.

1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரிலே, ஹீராலால் சௌத்ரி என்ற ஆராய்ச்சியாளர், அலிகுஞ்ஞு என்பாருடன் இணைந்து, நம் நாட்டுக் கெண்டைகளிலும் அதனைச் செய்து காட்டினார். ஆறு இல்லை, வெள்ளம் இல்லை. முட்டை வந்தது, குஞ்சும் வந்தது! மறு ஆண்டிலே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மீன் வளர்த்தும், வெள்ளிக்கெண்டைக் குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்த சீனரும், ஊசியின் துணையால் வெற்றி கண்டனர்.

அங்குலில் வெற்றி கண்ட அந்த நாளை, 2001 முதல் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகின்றனர். கொண்டாடட்டும், தகும். ஆனால் விழா முடிந்ததும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குஞ்சுக்காகக் குளம் இனி ஆற்றிடம் கையேந்த வேண்டியதில்லை; குளத்துக்காக ஏழை கையேந்தும் நிலை ஒழிந்ததா? பல ஊர்களில் பொதுக்குளம் ஏலத்திற்கு வரும்போது, பணமுள்ளவன் எடுக்கிறான். வலை இழுப்பவன் கூலிக்கு நிற்கிறான்.

அதுவும் நியதிதானா? மீனிடம் கேட்ட அதே ‘ஏன்?’ என்ற கேள்வியை, ஏலம் நடக்கும் திடலிலும் எழுப்ப வேண்டாமா?