தடுமாறும் கால்களுக்கு ஒரு வரலாறு



குழந்தை இரண்டடி வைத்து விழுவதும், நாம் கைதட்டித் தூக்கி விடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பவைதாம். ஆனால், டவுன் சிண்ட்ரோம் எனும் நிலையோடு பிறந்த குழந்தைகள் பலர் இரண்டு வயதையொட்டியே நடக்கின்றனர். அதன் பின்னும் தடுமாறுகின்றனர். "இது நடந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு வரலாறே விடை சொல்கிறது.

1840-களில் பாரிஸ் நகரில் எட்வர்ட் செகுவின் என்பவர், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். அவர் எழுத்தில் தொடங்கவில்லை, தசைப்பயிற்சியில் தொடங்கினார்.

1866-இல் இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பக மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், இக்குழந்தைகளைத் தனியே இனங்கண்டு எழுதினார். முகச்சாயலைப் பார்த்து அவர்களுக்கு மங்கோலியர் பெயரைச் சூட்டியது அவர் செய்த பிழை. மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டதால், உலகச் சுகாதார நிறுவனம் 1965-இல் அச்சொல்லைக் கைவிட்டது. எனினும் அவர் கண்ட உண்மை ஒன்று நிலைத்தது. உறுப்புகளை ஒருங்கிணைத்து இயக்கும் ஆற்றல் இவர்களுக்குக் குறைவு. ஆனால் முறையான பயிற்சியால் அதைப் பெரிதும் வலுப்படுத்தலாம் என்று அவரே எழுதினார்.

காரணம் 1959-இல் தெரிந்தது. நம் உடலின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் 46. இவர்களில் பெரும்பாலோருக்கு 47. இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதல். பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பான் ஆகியோர் இதை வெளியிட்டனர். ஆகவே, தாய் உண்ட உணவோ, கிரகணமோ, சாபமோ காரணமன்று. தசைகள் இறுக்கம் குறைந்தும், மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்தும் இருப்பதால்தான் கால்கள் தடுமாறுகின்றன.

1968 ஜூலையில் சிகாகோ நகரில் முதலாவது சிறப்பு ஒலிம்பிக் நடந்தது. வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைகளைப் போன்றோர், திடலில் எல்லாரும் காண ஓடினார்கள்.

பெற்றோர்களே, பயிற்சிக்குப் பணம் வேண்டாம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேல் நடக்க விடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள். பந்தை உதைக்கச் சொல்லுங்கள். வாசற்படி ஏறி இறங்கட்டும். நாள்தோறும் சிறிது நேரம் செய்தால் போதும். ஆனால் முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் கழுத்தையும் காட்டுங்கள்; அவரைக் கேளாமல் குட்டிக்கரணம் போட விடாதீர்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நம் பிள்ளையும் நகரும். அது விழும்போது பிடிக்க நம் கை அருகில் இருக்கட்டும்.