கப்பலுக்கு வழிகாட்டிய மலை



சுங்கைப் பட்டாணியிலிருந்து வடக்கே அலோர்ஸ்டார் நோக்கிச் செல்கிறவர்கள் பீடோங்கைத் தாண்டியதும் இடப்பக்கத்தில் ஒரு பெரிய மலையைக் காண்பார்கள். சுற்றிலும் வயலும் தோட்டமுமாகச் சமநிலம். நடுவே தன்னந்தனியாக அந்த மலை. அதுதான் குனோங் ஜெராய். உயரம் ஏறக்குறைய 4,000 அடி. அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. அதிகாலையில் பெரட்டுக்கு நிற்கும்போது மலைமுடியில் மேகம் கவிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்று பால்வெட்டு உண்டா இல்லையா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அந்த மலையின் பழங்கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் மலைமேல் ஏறிவிடுவோம். குருணிலிருந்து வளைந்து வளைந்து ஒரு தார்ச்சாலை மேலே போகிறது. பாதி வழியிலேயே காற்று குளிர்ந்துவிடும். மேலே வனத்துறையின் காட்சிக்கூடம் ஒன்றும், சுங்கை தெரோய் என்னும் ஓடையை ஒட்டிய வனப் பூங்காவும் இருக்கின்றன. கீழே வானளாவ நிற்கும் மரங்கள், உயரம் ஏற ஏறக் குட்டையாகிப் பாசி படர்ந்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மண் சத்தில்லாத இடங்களில் ஒரு வேடிக்கையான கொடி வளர்கிறது. அதன் இலை நுனியில் மூடி போட்ட சிறு குடுவை தொங்கும். பூச்சி உள்ளே விழுந்தால் செடி அதைச் செரித்துக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதைக் குரங்குப் பானை என்பார்கள்.

இந்த மலையின் கதைகளில் பெயர்பெற்றது கோரைப்பல் ராஜாவின் கதை. மலாய் மொழியில் ராஜா பெர்சியோங். அரண்மனைச் சமையற்காரியின் விரல் கத்தியில் வெட்டுப்பட்டு, ஒரு சொட்டு இரத்தம் கீரைக் கறியில் விழுந்துவிட்டதாம். அன்று கறி அமிர்தமாக இருந்தது என்று அரசன் தூண்டித் துருவி விசாரித்தான். உண்மை தெரிந்தது. அன்றுமுதல் அவனுக்கு மனித இரத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை. கோரைப்பற்களும் முளைத்தன. குடிகள் பொறுத்துப் பார்த்தார்கள். முடியாதபோது திரண்டெழுந்து அவனைத் துரத்தினார்கள். கிழக்கே ஓடிய அரசன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்கிறார்கள். பாலிங் என்றால் மலாய் மொழியில் வீசி எறிதல். கெடா அரச மரபைச் சொல்லும் மேரோங் மகாவங்சா என்னும் பழைய மலாய் நூலில் இந்தக் கதை வருகிறது. துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையை வைத்து 1968இல் திரைப்படமாகவும் வந்தது.

மலைமேல் அந்த ராஜா குளித்த ஒன்பது குளங்கள் உண்டு என்று ஊரார் சொல்வார்கள். அங்கே இடிபாடுகள் இருப்பது மட்டும் கதையல்ல. 1894இல் நில அளவை வேலையாக மேலே ஏறியவர்கள் மலையுச்சியில் செங்கல்லால் கட்டிய பழைய அமைப்புகளைக் கண்டு எழுதிவைத்தார்கள். நான்காயிரம் அடி உயரத்தில், காட்டுக்கும் மேகத்துக்கும் நடுவே, செங்கல்லைச் சுமந்துபோய்க் கட்டியவர்கள் யார்? காரணம் தெரியாத கட்டடத்தைக் காணும் மக்கள் அதற்கு ஒரு கதை செய்துகொள்கிறார்கள். குளங்களின் கதை அப்படிப் பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடை கடலில் இருக்கிறது. அந்நாளில் வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த பாய்மரக் கப்பல்களுக்கு, இந்தக் கரையில் தொலைவிலிருந்தே கண்ணில் படும் அடையாளம் தனித்து நிற்கும் இந்த மலைதான். அதைக் குறிவைத்து வந்தால் அதன் தென்புறத்தில் மெர்போக் ஆற்றின் கழிமுகம். அதற்குள் நுழைந்துவிட்டால் அலையில்லாத துறை, குடிக்க ஓடைநீர், காற்றுத் திசை மாறும்வரை தங்க இடம். அக்காலத்தில் கடல் இன்றையதைவிட உள்ளே வந்திருந்தது. இந்த மலையே ஒரு காலத்தில் தீவாக இருந்தது என்றும், செராய் தீவு என்று அதற்குப் பெயர் என்றும் மலாய் மரபு சொல்கிறது.

அப்படி வந்தவர்கள் விட்டுச்சென்ற தடயங்கள்தான் மலையின் தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைப்பவை. இங்கிருந்து தெற்கே, செபராங் பிறையில், ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி 1834இல் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன், தன் பயணம் நன்றாக முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டிவைத்த வடமொழிக் கல்வெட்டு அது. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்ட இட்சிங் என்ற புத்தத் துறவி, இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கினார். நம் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய பொருள்களில் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்றால் கடாரம் என்று பொருள் எழுதினார். கடாரம் என்பது கெடாதான்.

கடாரம் என்றதும் நம்மவர் நெஞ்சு நிமிரும். கடாரம் கொண்டான் இராசேந்திரனின் நினைவு வரும். 1025இல் சோழர் கடற்படை இங்கு வந்ததும், அரசனைச் சிறைபிடித்து யானைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததும் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் செய்தி. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் கோயில்களெல்லாம் இராசேந்திரன் கட்டியவை என்று நாம் மேடைதோறும் சொல்லிவருகிறோமே, அதற்குச் சான்று இல்லை. சோழர் வந்தது படையெடுப்பாக. கோயில்களில் பல அதற்கு முற்பட்டவை. படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக எழுதிக்கொடுத்தான். படை வந்தது ஒருமுறை; வணிகமும் வழிபாடும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தன. இதை என் பிள்ளைகளுக்குச் சொல்வதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

இதைக் கண்ணால் காண மெர்போக்குக்கு வரவேண்டும். மலையின் தென் அடிவாரத்தில் 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் இருக்கிறது. அதை ஒட்டி, ஓடைக்கரையில், மரநிழலில் ஒரு கற்கோயிலின் அடித்தளம் நிற்கிறது. மலாய் மொழியில் இத்தகைய பழங்கோயிலைச் சண்டி என்பார்கள். நம் சண்டி மாட்டுக்கும் இதற்கும் உறவில்லை! இந்தக் கோயிலின் பெயர் சண்டி புக்கிட் பத்து பகாட். உளியால் செதுக்கிய கல்லின் குன்று என்று பொருள். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவருடைய துணைவியாரும் இதைத் தோண்டி ஆராய்ந்தார்கள். 1960ஐ ஒட்டி அலஸ்டர் லேம்ப் தலைமையில் கற்களை அடுக்கி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அடித்தளத்தில் கற்பெட்டிகளும் அவற்றுக்குள் சிறு வழிபாட்டுப் பொருள்களும் இருந்தன.

கருவறை, அதற்கு முன்னே மண்டபம் என்னும் அமைப்பு நமக்குப் பழகியதுதான். ஆனால் மேலே கோபுரமும் இல்லை, கல் கூரையும் இல்லை. மண்டபத்தில் வரிசையாக நிற்கும் கல் பீடங்களில் குழிகள் இருக்கும். கையை வைத்துப் பாருங்கள். மரத்தூண்களை நட்ட குழிகள் அவை. கூரை மரத்தாலானது, மழைநாட்டுக்கு ஏற்ற வேலை. அமைப்பைக் கடல் கடந்து வந்த ஒருவன் சொல்லியிருப்பான். மரத்தை இழைத்தவன் இந்த மண்ணின் தச்சன் என்பதே என் எண்ணம்.

வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது சுங்கை பத்துவை விடமுடியாது. பீடோங்குக்கும் மெர்போக்குக்கும் இடையே, தோட்ட நிலத்தில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. உலைக்குள் காற்று ஊதிய களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளும் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இங்கு இரும்புத் தொழில் நடந்திருக்கிறது, அது கி.மு. காலத்துக்கும் போகிறதா என்பதில் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். உலைமுன் வெந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2023இல் மலையின் வடபுறம் புக்கிட் சோராஸ் குன்றில் புத்தத் தூபி ஒன்றும், ஆளுயரச் சுதைச் சிலைகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இன்னும் எத்தனை உள்ளே இருக்கின்றனவோ!

இருப்பவையும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. இதே சுங்கை பத்துவில் பதினோராம் எண் பெற்ற சண்டி ஒன்று, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரத்தால் தரைமட்டமானது. 2013 இறுதியில்தான் செய்தி வெளியே தெரிந்தது. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் ஏறியிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கியது ஒரு நாள் வேலைக்குத் தாங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகும் இந்நாளில், மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்பதை அங்கேயே மண்வெட்டி பிடித்தவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். அகலமான பழஞ்செங்கல் வரிசையாகத் தென்பட்டால் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துவராமல் அரும்பொருளகத்தாரிடம் சொல்லுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யான் பக்கம் தீத்தி ஹாயூன், மெர்போக் பக்கம் தூப்பா என்று குளிக்கத் தோதான அருவிகள் உண்டு. ஆனால் மேலே மழை கறுத்தால் உடனே கரையேறிவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் இந்த மலையிலிருந்து மரமும் பாறையும் சேறுமாகத் திடீர் வெள்ளம் இறங்கி உயிர்களைக் கொண்டுபோயிற்று. கெபாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். ஆற்றோரக் கோயில்கள் மண்ணுக்குள் புதைந்ததும், கப்பல் வந்த துறைகள் தூர்ந்து வயலானதும் இப்படி மலையிலிருந்து இறங்கிய மண்ணாலும்தான்.

மலைமேலே இருந்து தெற்கே பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் பினாங்குத் தீவு தெரியும். அதற்கு இப்பால், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கடலில் சேரும் மெர்போக் ஆறு மாலை வெயிலில் மின்னும். கப்பல்கள் உள்ளே வந்த வாசல் அது. உங்களுக்குப் பின்னால், மலையுச்சியில், ஒலிபரப்புக் கம்பங்கள் நிற்கும். வட மாநிலத் தோட்டங்களுக்குத் தமிழ் வானொலி வந்து சேர்வது அங்கிருந்துதான்.