தாயாதி

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினால், முதலில் தாயாதி வீடு. தந்தைவழிப் பங்காளிகளையே இச்சொல் குறிக்கும். கேட்டவுடன் 'தாய்' என்று தோன்றினாலும், தாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

வடமொழியில் 'தாய' என்றால் பிரித்துத் தரப்படும் பங்கு. 'தாயாத' பங்கைப் பெறுபவன். அதுவே தமிழில் தாயாதி ஆனது. 'தாயம்' புறநானூற்றிலேயே அரசுரிமை என்ற பொருளில் வருகிறது. நாஞ்சில் நாட்டு 'மருமக்கள்தாயம்' தாய்வழியே சொத்து இறங்கும் முறை; அங்கும் வாரிசாக முன்னின்றவன் சகோதரியின் மகனே.

அக்கா தங்கையைத் தாயாதி என்று யாரும் சொல்வதில்லை. சீரோடு அவர்கள் கணக்கு முடிந்தது என்பது வழக்கம். 1989-இல் வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம், அப்போது மணமாகாதிருந்த இந்து மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-இல் நடுவண் அரசின் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது.

ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்றும் ஒரு காட்சி: அண்ணன் நீட்டும் தாளில் தங்கை கைரேகை வைக்கிறாள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'.

தாயக்கட்டையில் தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். அவளுக்குச் சட்டத்தில் தாயம் விழுந்துவிட்டது. காய்தான் இன்னும் கட்டத்துக்கு வெளியே.