நத்தம்: வரி கேளாத மண்

ஓசூரில் அறை தேடும் ஐடிஐ முடித்த பையனுக்கு 'நத்தம்' என்ற சொல் தேவையில்லை. அவன் கேட்பது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், கோடியில் பொதுக் கக்கூஸ், வாசலில் தண்ணீர் டிரம். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, சென்னத்தூர் என்று அவன் எங்கே சாமான்களை இறக்கினாலும், பழைய ஊருக்கு நடுவே உள்ள மனை என்றால் வி.ஏ.ஓ. கணக்கில் அது பெரும்பாலும் நத்தமாகத்தான் இருக்கும்.

குறளில் இந்தச் சொல் ஒரு முறை வருகிறது. 235ஆம் குறளில் அதற்கு 'ஆக்கம்' என்று பொருள் கொண்டு, 'நந்து' என்ற வினையிலிருந்து வந்ததாகப் பரிமேலழகர் காட்டுவார். நந்துதல் என்றால் பெருகுதல். கெடுதல் என்ற நேர் எதிர்ப்பொருளும் அதற்கு உண்டு. நிகண்டுகளோ நத்தத்தை ஊர் என்கின்றன. மக்கள் பெருகும் இடம், ஆகவே நத்தம் என்று சொல்லிவிடக் கை துறுதுறுக்கிறது. அழகான விளக்கம்தான். ஆனால் சொல்லாராய்ச்சியில் அழகான விளக்கங்களைச் சற்றுத் தள்ளி வைப்பதே நல்லது.

உறுதியான தடயம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்தபோது, ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்திலிருந்தும் சிலவற்றைக் கழித்தார்கள்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே செல்லும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. இவை இறையிலி. மிச்சமிருந்த நிலமே வரி கட்டியது. அதாவது அரசின் கணக்கேட்டில் நத்தம் நுழைந்ததே கழிவுப் பட்டியலில்தான். விளைச்சலைக் காசாக்கும் கணக்கனுக்கு மனிதர் படுத்துறங்கும் இடத்தால் என்ன வரவு? இன்னொன்றும் அந்தப் பட்டியலில் தெரிகிறது. நத்தம் வேறு, சேரி வேறு. இரண்டும் குடியிருப்பு, இரண்டுக்கும் வரியில்லை, ஆனால் ஒரே பெயர் கிடையாது. ஓசூருக்குப் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில் சாதி வெறியர் தீ வைத்த தலித் குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் 'நத்தம் காலனி'. நத்தம் என்ற பெயர் வந்த பிறகும் 'காலனி' என்ற ஒட்டு விடவில்லை.

சோழர் கணக்கு அப்படியே ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்துவிடவில்லை. இங்கே நில அளவையின் கதை 1792இல் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து இந்தப் பக்கத்துப் பாராமகாலைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்டன் அலெக்சாண்டர் ரீடை நிர்வாகத்துக்கு அனுப்பியது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து உழவரிடம் நேரே வரி கேட்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. ஓசூர்ப் பகுதி 1799இல் கம்பெனியிடம் சேர்ந்தது. இந்த முறை வேரூன்றியபின் வயலுக்கெல்லாம் எண் உண்டு, எல்லைக்கல் உண்டு. ஊர் இருந்த இடமோ வரைபடத்தில் ஒரே துண்டு, பொதுவாக ஒரே சர்வே எண். அதற்குள் எந்த வீடு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. குடியிருந்ததே பத்திரம்.

1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டமும் வீட்டு மனையைத் தொடாமல் விட்டது. ஏரியோரத்திலும் சாலையோரத்திலும் குடிசை போட்டவருக்கு 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்பு வரும். கிராம நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரின் மனை அரசுக்குச் சொந்தமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பேச்சில் இரண்டுக்கும் 'புறம்போக்கு' என்ற ஒரே பெயர். 'நத்தம் புறம்போக்கு' என்ற கூட்டுச்சொல் எத்தனையோ பேரைக் காரணமில்லாமல் பயமுறுத்தியிருக்கிறது.

மாநில எல்லை தாண்டினால் சொல் மாறும், பொருள் மாறாது. அத்திப்பள்ளிப் பக்கம் கன்னடத்தில் கிராமட்டாணா, குப்பம் பக்கம் தெலுங்கில் கிராமகண்டம். டெல்லியில் 1908 முதல் லால் டோரா, அதாவது சிவப்பு நூல்.

நத்தத்தின் தலையெழுத்தை மாற்றியது தொழிற்சாலை. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 1971இல் பிறந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்டு, டைட்டன் என்று ஓசூருக்கு வரிசையாக ஆலைகள் வந்தன. எந்திரத்துக்கு நிலம் திட்டமிட்டு ஒதுக்கப்பட்டது. எந்திரத்தை ஓட்டுகிறவன் ராத்திரி எங்கே படுப்பான் என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் இல்லை. அந்த வேலையை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் லைன் எழுந்தது. சீனாவின் ஷென்சென் நகரிலும் இதே கதைதான்: வயல்கள் ஆலைக்குப் போக, ஊர் மனைகளில் கிராமத்தார் நெருக்கி நெருக்கி மாடி கட்டி வெளியூர்த் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டார்கள். குறுகிய சந்து, எட்டாத வெளிச்சம் என்று குறை சொல்வது எளிது. அந்த மனைகள் இல்லையென்றால் அந்தத் தொழிலாளர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

1980களின் இறுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டம்தான் முதன்முதலாக அந்த ஒற்றைத் துண்டுக்குள் புகுந்து வீடு வீடாக அளந்தது. முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபணை முடிந்ததும் தூய பட்டா. நூற்றாண்டுகளாகக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட மண்ணில் உட்பிரிவு எண்கள் முளைத்தன. அதற்குப் பின்னும் 'நத்தம் பட்டாதானே' என்று உதட்டைப் பிதுக்கும் வங்கி மேலாளர்கள் இருக்கிறார்கள். மனை வணிகரின் பலகையில் 'டிடிசிபி அப்ரூவ்டு' என்பதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். நத்தம் என்று போட்டு விற்கும் பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. மூக்கண்டப்பள்ளியும் ஜூஜூவாடியும் சென்னத்தூரும் இப்போது அதற்குள் அடக்கம். கிராமம் போனாலும் 'கிராம நத்தம்' பதிவேட்டை விட்டுப் போகவில்லை. அரசே தொழிலாளர் விடுதி கட்டத் தொடங்கியிருக்கிறது: 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட்டின் குடியிருப்பு திறக்கப்பட்டது. படுக்கை என்பது தனி ஆளுக்கான கணக்கு. மனைவி பிள்ளையோடு ஒடிசாவிலிருந்து வந்து இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளி இன்றைக்கும் அட்வான்ஸ் பேசுவது லைன் வீட்டுக்காரரிடம்தான். தூய பட்டாவில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். குடியிருப்பவன் பெயர் எழுத அதில் பத்தி கிடையாது.