காக்ஸ் டவுன் யாருடையது?

பெங்களூரை 1898இல் பிளேக் நோய் தாக்கியது. கன்டோன்மென்டின் நெரிசலைக் குறைக்க, அதன்பின் வந்த பத்தாண்டுகளில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான காக்ஸ் டவுனுக்கு, கலெக்டராக இருந்த ஏ. ஆர். காக்ஸின் பெயர் இடப்பட்டது. இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவே உருபு இல்லை. அப்படியானால் இவ்வூர் காக்ஸின் உடைமையா?

உடைமையைச் சொல்ல மொழிகள் வெவ்வேறு வழிகளை மேற்கொள்கின்றன. தமிழில் ‘அலியின் வீடு’, கன்னடத்தில் ‘அலிய மனெ’. இரண்டிலும் அடையாளம் உடையவன்மீது மட்டுமே விழுகிறது. கன்டோன்மென்ட் தெருக்களில் ஒலிக்கும் தக்கினியில் ‘அலி கா கர்’ என்பது வீடு. ‘அலி கி கிதாப்’ என்பது புத்தகம். உடைமைப் பொருளின் பாலுக்கேற்ப உருபு மாறுகிறது. துருக்கியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ‘அலிநின் எவி’ என்பதில் அலிக்கு ‘நின்’, வீட்டைக் குறிக்கும் ‘எவ்’ என்பதற்கு ‘இ’ என இரு சொற்களும் அடையாளம் பெறுகின்றன.

உடைமைப் பொருளை நோக்கும் இவ்வழக்கம் தமிழுக்கும் புதிதன்று. ஆறாம் வேற்றுமைக்கு ‘அது’ என்னும் உருபைத் தொல்காப்பியம் கூறியது. நன்னூலோ ஒருமைக்கு ‘அது’, ‘ஆது’ என்றும் பன்மைக்கு ‘அ’ என்றும் பிரித்தது. எனவே ‘எனது கை’, ஆனால் ‘என கைகள்’. ‘எனது கைகள்’ என்று இன்று தயக்கமின்றி எழுதுகிறோம். அந்த இயைபு வழக்கிழந்துவிட்டது.

தமிழ், துருக்கியம் இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைத் துருக்கியம் அடங்கிய ‘சித்திய’ மொழிகளோடு உறவுபடுத்த முயன்றது. பிற்கால மொழியியல் அவ்வுறவை ஏற்கவில்லை. அமைப்பின் ஒற்றுமை மட்டும் குடும்ப உறவுக்குச் சான்றாகாது. கால்டுவெல் நூலில் நிலைத்தது, திராவிட மொழிகள் தமக்குள் ஒரு தனிக் குடும்பம் என்ற முடிவே.

இனி ஊர்ப்பெயருக்குத் திரும்பலாம். துருக்கியத்தில் இரு பெயர்ச்சொற்கள் இணைந்து தொடராகும்போது, பின்னதன்மேல் உடைமை விகுதி நிற்பது பெருவழக்கு. ஆயினும் இஸ்தான்புலின் ‘காடிகோய்’, அதாவது காஜியின் சிற்றூர், அவ்விகுதியின்றியே வழங்குகிறது. காலப்போக்கில் ஊர்ப்பெயர்கள் உருபை உதிர்த்துவிடுகின்றன. தமிழிலக்கணம் இதைத் தொகை என்கிறது. தொகைக்குள் பல பொருள் உறவுகள் மறைந்திருக்கலாம். விரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ‘காக்ஸினது டவுன்’ என விரித்தால் அவர் உடைமையாளர் ஆகிவிடுவார். ‘காக்ஸின் பெயரைத் தாங்கிய டவுன்’ என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும் விரி.

1881இல் மைசூர் ஆட்சி உடையார் வம்சத்திடம் திரும்பியபோதும், சிவில் மற்றும் இராணுவ நிலையம் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1947இல் அது மைசூருக்குத் திருப்பியளிக்கப்பட்டது; 1949இல் நகரத்தோடு ஒரே மாநகராட்சியானது. காக்ஸ் டவுன் அடங்கிய சட்டமன்றத் தொகுதி இன்று கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் பெயரால் சர்வக்ஞநகர் எனப்படுகிறது. அப்பெயரும் உருபற்ற தொகையே. அதிகாரியானாலும் கவிஞரானாலும் ஊர் அவர்களது பெயரைத்தான் தாங்குகிறது. கிழமை, அங்கே தமிழும் கன்னடமும் தக்கினியும் பேசி வாழ்ந்தவர்களுக்கே உரியது.